கப்பலால் இறங்கி ஐந்து இரவு: லிஸ்பன் நாட்குறிப்பு

07 ஒக்டோபர் 2023, சனி

விடியமுன் ஆறு மணிக்கே இவர் என்னை எழுப்பி மேல்தட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். கப்பல் கடலை விட்டுத் தேஜோ ஆற்றுக்குள் நுழைந்துகொண்டிருந்தது. இடப்பக்கம் பெலெம் கோபுரம் விளக்கொளியில் வெள்ளையாக நின்றது. கொஞ்சத் தூரத்தில் பாலம். அதற்கு அடியால் போகும்போது தலைக்கு மேலே தேனீக்கூட்டம் இரைவது போல ஒரு சத்தம். வாகனங்கள் ஓடும் தளத்தின் ஒரு பகுதி இரும்புக் கிராதி, அதில் சில்லுகள் உருளும்போதுதான் அப்படி இரைகிறது என்று இவர் சொன்னார். 1966இல் திறந்தபோது பாலத்துக்குச் சர்வாதிகாரி சலாசாரின் பெயர். 1974 ஏப்ரல் 25ஆம் தேதிப் புரட்சிக்குப் பிறகு அந்தத் தேதியையே பெயராக வைத்துவிட்டார்கள்.

எட்டரைக்குப் பெட்டிகளுடன் சாந்தா அப்பொலோனியா துறையில் இறங்கினோம். பார்சலோனாவில் ஏறி ஏழு இரவு கப்பலில் வந்தோம். சாப்பாடு, படுக்கை, பாட்டுக் கச்சேரி ஒன்றுக்கும் குறைவில்லை. ஆனால் மலகாவும் காதிசும் எனக்கு எட்டு மணித்தியால ஊர்கள். ஒரு தெருவில் மனம் ஒட்டத் தொடங்கும்போது கைக்கடிகாரத்தைப் பார்க்க வேண்டியிருந்தது. அதனால்தான் லிஸ்பனில் ஐந்து இரவு தங்குவோம் என்று லண்டனிலேயே முடிவு செய்தோம். இவரும் ஓய்வு பெற்றாயிற்று. ஓடிப்போய் ஏற வேண்டிய வேலை இனி இல்லை.

பைஷா பகுதியில் ஒரு பழைய கட்டடம், மூன்றாம் மாடி, சின்ன லிப்ட். வீட்டுக்கார அம்மாவுக்கு எழுபது வயதிருக்கும். ஆங்கிலம் கொஞ்சம்தான். ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டித் தன் மொழியிலேயே பெயர் சொல்லிக்கொண்டு போனார். யன்னலைத் திறந்து 'ஜனெலா' என்றார். அடுப்படிக் கதவைத் தள்ளி 'குசீன்யா' என்றார். கட்டிலில் மடித்து வைத்ததைத் தட்டி 'துவால்யா' என்றார். நான் இவரைப் பார்த்தேன், இவர் என்னைப் பார்த்தார். யன்னல், குசினி, துவாய். அம்மம்மா வீட்டுக்குள் யாரோ கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போவது போல இருந்தது. இந்தச் சொற்கள் போர்த்துக்கேயரிடமிருந்து வந்தவை என்று பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஆனால் அதே பொருளைத் தொட்டபடி ஒருவர் வாயால் சொல்லக் கேட்பது வேறு.

கடைசியாகத் திறப்பைக் கையில் தந்து 'ஷாவ்' என்றார். "இது எங்களுக்கு வரவில்லை, தமிழ்நாட்டுக்குப் போய்ச் சாவி ஆகிவிட்டது" என்றார் இவர்.

இன்று புரட்டாதிச் சனி. காய்கறிச் சூப்பும் பாணும் வாங்கி வந்து யன்னலடியில் இருந்து சாப்பிட்டோம். பாண் அருமை. தோல் மொறுமொறுவென்று, உள்ளே பஞ்சு.

08 ஒக்டோபர், ஞாயிறு

28ஆம் இலக்க ட்ராமில் இடம் பிடிக்க வேண்டுமென்றால் வெள்ளனப் போக வேண்டும். ஏழரைக்கே போய் ஏறினோம், யன்னலோரம் கிடைத்தது. 1930களில் செய்த மஞ்சள் வண்டி, உள்ளே எல்லாம் மரம். சில இடங்களில் கையை நீட்டினால் வீட்டுச் சுவரைத் தொடலாம் போல அத்தனை ஒடுக்கம்.

போர்த்தாஸ் து சொல் என்ற திடலில் இறங்கினால் கீழே அல்பாமா முழுவதும் செம்மண் ஓடுகளாக விரிந்து, அதற்கப்பால் ஆறு. அல்பாமா என்பது அரபுப் பெயர். வெந்நீர் ஊற்றுகள் இருந்ததால் வந்தது. 1755 பூகம்பத்துக்குத் தப்பிய பழைய ஒழுங்கைகள் இங்கேதான் இருக்கின்றன. படிகளாலேயே ஊரைக் கட்டியிருக்கிறார்கள். இவருக்கு இடது முழங்கால் சரியில்லை. பத்துப் படிக்கு ஒருமுறை நின்றோம். நின்றபோதுதான் எல்லாம் கண்ணில் பட்டது: கொடியில் காயும் சட்டைகள், சுவரில் ஒட்டிய நீலப் பூ ஓடுகள், ஒரு படிக்கட்டின் அகலத்துக்குள் ஒரு முழுக் கடை.

ஒரு திருப்பத்தில் இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றதைக் கண்டு, வாசலில் செரிப்பழ மது விற்றுக்கொண்டிருந்த கிழவி ஒருத்தி உள்ளே போய்ப் பிரப்பம் பின்னிய நாற்காலியொன்றைத் தூக்கி வந்தார். "கதெய்ரா, கதெய்ரா" என்று இவருடைய தோளை அமர்த்தி இருத்திவிட்டார். கதிரை! வேறு எந்தச் சொல்லாவது வந்திருந்தால் எனக்கு அப்படிக் கண் கலங்கியிருக்காது. நாங்கள் மது குடிப்பதில்லை என்று சைகையில் சொன்னேன். ஒரு கோப்பை தண்ணீர் தந்தார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

09 ஒக்டோபர், திங்கள்

இது இவருடைய நாள். முப்பது வருடம் கட்டடப் பொறியியல் செய்தவருக்கு லிஸ்பனில் பார்க்க வேண்டியது நாங்கள் தங்கியிருக்கும் பைஷாதான்.

1755 நவம்பர் 1, சகல புனிதர்களின் திருநாள். காலை ஒன்பதரை கழிந்து, கோயில்களெல்லாம் சனமும் மெழுகுதிரியுமாக நிறைந்திருந்த நேரத்தில் நிலம் ஆடியது. விழுந்த திரிகளாலும் அடுப்புகளாலும் பிடித்த நெருப்பு நாட்கணக்கில் எரிந்தது. இடிபாடுகளுக்குத் தப்பி ஆற்றங்கரை வெளிக்கு ஓடியவர்கள் தண்ணீர் உள்வாங்கி அடிநிலம் தெரிவதைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பிறகு அது திரும்பி வந்தது.

இதை இவர் சொல்லிக்கொண்டு வந்தவர் இங்கே நிறுத்திவிட்டார். 2004இல் முல்லைத்தீவில் இவருடைய சின்னம்மா வீடு. இருவரும் கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்கவில்லை.

மன்னரின் அமைச்சராயிருந்த பொம்பால் பிரபு நகரைத் திரும்பக் கட்டிய விதம்தான் இவரைக் கவர்ந்தது. நேரான அகலத் தெருக்கள், ஒரே உயரக் கட்டடங்கள். ஒவ்வொரு சுவருக்குள்ளும் குறுக்கும் நெடுக்கும் சாய்வுமாக மரச்சட்டம் கோத்த ஒரு கூடு. கல் உதிர்ந்தாலும் கூடு ஆடிக் கொடுத்து நிற்கும். மாதிரி ஒன்றைக் கட்டி அதைச் சுற்றிப் படைவீரர்களை நிலம் அதிர மிதித்து நடக்கவிட்டுச் சோதித்தார்களாம். "இஞ்சரும், பூகம்பத்துக்கென்று திட்டம் போட்டு ஒரு நகரத்தைக் கட்டியது ஐரோப்பாவில் இதுதான் முதல் என்பார்கள். நீர் நேற்று இரவு அந்தக் கூட்டுக்குள்தான் நித்திரை கொண்டனீர்" என்றார். இரவு அறைச் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தார்.

பின்னேரம் கார்மோ மடம். கூரை விழுந்த கோயிலை அப்படியே விட்டிருக்கிறார்கள். வளைவுகள் மட்டும் எலும்பு மாதிரி நிற்க, மேலே வானம். உள்ளே புறாக்களின் சத்தம் மட்டும்தான். லிஸ்பனில் ஒரே ஒரு இடத்துக்குத்தான் நேரம் என்றால் நான் இதைத்தான் சொல்வேன்.

10 ஒக்டோபர், செவ்வாய்

15ஆம் இலக்க ட்ராமில் பெலெம். ஜெரோனிமுஸ் மடத்தின் கோயிலுக்குள் நுழைந்தவுடனேயே ஒரு பக்கம் வாஸ்கோ ட காமாவின் கல்லறை, மறுபக்கம் கவிஞர் கமோயிசின் கல்லறை. காமா 1524இல் கொச்சியில் செத்து, அங்கேதான் முதலில் புதைத்தார்கள். 1539இல் எலும்பைப் போர்த்துக்கலுக்குக் கொண்டுவந்து விதிகெய்ரா என்ற ஊரில் வைத்தார்கள். இந்த மடத்துக்கு அது வந்தது பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில்தான். கொச்சிக் கோட்டையிலுள்ள பிரான்சிஸ் கோயிலில் அந்தப் பழைய குழியின் இடத்தை நாங்கள் பார்த்திருக்கிறோம். இப்போது மற்ற முனையையும் பார்த்தாயிற்று.

கோயில் அழகு. அதை மறுக்க மாட்டேன். தூண்கள் தென்னை மாதிரி எழும்பி மேலே ஓலையாக விரிகின்றன. கல்லிலேயே கப்பல் கயிறு முறுக்கியிருக்கிறார்கள், முடிச்சுப் போட்டிருக்கிறார்கள். கிழக்கிலிருந்து வந்த வாசனைச் சரக்கின் தீர்வையால் எழும்பிய கட்டடம் இது. அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றபோது எனக்கு நல்லூர்தான் நினைவுக்கு வந்தது. போர்த்துக்கேயர் 1619இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். கடைசி அரசன் சங்கிலி குமாரனைக் கோவாவுக்குக் கொண்டுபோய்க் கொன்றார்கள். 1621இல் நல்லூர்க் கந்தசுவாமி கோயிலை இடித்தார்கள். அந்தக் கற்கள் கோட்டைச் சுவருக்குப் போயின என்று அம்மம்மா சொல்லுவா. நாங்கள் கும்பிடும் கோயில் பிறகு வேறு நிலத்தில் எழும்பியது.

"இஞ்சருங்கோ, எனக்கு இதைப் பார்த்துச் சந்தோசப்படவும் ஏலாமல் இருக்கு, கோபப்படவும் ஏலாமல் இருக்கு" என்றேன்.

"இரண்டையும் படும். நேற்று முந்தநாள் கதிரை தந்த மனுசி கோயிலை இடிக்கவில்லை. இடிச்சவன்ரை பெயரை நாங்கள் மறக்கவும் வேண்டாம்" என்றார். அதோடு என் கையைப் பிடித்துக்கொண்டார். நாற்பது வருடத்தில் வெளியிடத்தில் இவர் கை பிடிப்பது அரிது.

ஆற்றோரம் நடந்து பெலெம் கோபுரத்துக்குப் போனோம். அதன் காவல்கூண்டு ஒன்றின் அடியில் ஒரு காண்டாமிருகத் தலை செதுக்கியிருக்கிறது. மழையிலும் உப்புக் காற்றிலும் மூக்குக் கரைந்து, தேடினால்தான் தெரியும். 1515இல் குஜராத் சுல்தான் கொடுத்த ஒரு காண்டாமிருகம் கோவாவிலிருந்து இந்த நகரத்துக்குக் கப்பலில் வந்தது. ரோமர் காலத்துக்குப் பிறகு ஐரோப்பா அப்படியொரு விலங்கைக் கண்டதில்லை. ஜெர்மனியில் டியூரர் என்ற ஓவியர் அதைக் கண்ணால் காணாமலே, கேட்டறிந்ததை வைத்து மரக்கட்டையில் வெட்டிய படம் உலகமெல்லாம் பரவியது. மன்னர் மானுவேல் அந்த விலங்கைப் போப்பாண்டவருக்குப் பரிசாக அனுப்பினார். இத்தாலிக் கரைக்குப் பக்கத்தில் கப்பல் மூழ்கியது. சங்கிலியில் கட்டியிருந்ததால் அதனால் நீந்த முடியவில்லை. பார்க்க வந்த எல்லோரும் கோபுரத்தைப் படம் எடுத்தார்கள். நான் அந்தத் தலையை மட்டும் எடுத்தேன்.

பிறகு 1837இலிருந்து நடக்கும் கடையில் சுடச்சுடப் பால்கட்டி மாதிரித் தளும்பும் முட்டைப் பாலாடைப் பணியாரம். பஸ்தேல் என்கிறார்கள். 1834இல் மடங்களை மூடியபோது துறவிகளின் கைப்பக்குவம் இந்தக் கடைக்கு வந்ததாம். மேசையில் சர்க்கரைத் தூளும் கறுவாத் தூளும் வைத்திருந்தார்கள். கறுவாவை இவர் தாராளமாகத் தூவினார். "எங்கட சாமான்" என்றார்.

11 ஒக்டோபர், புதன்

ஓடுகளுக்கென்றே ஒரு அருங்காட்சியகம், 1509இல் நிறுவிய கன்னியர் மடத்துக்குள். ஐந்நூறு வருட ஓட்டு வேலை இருக்கிறது. ஆனால் நான் ஒன்றின் முன்தான் நின்றேன். 1700ஆம் ஆண்டளவில் நீலத்தில் தீட்டிய 23 மீட்டர் நீள லிஸ்பன். பூகம்பத்துக்கு முந்திய நகரம், கரையோரம் முழுவதும், வீடு வீடாக. ஆற்றங்கரை அரண்மனை அப்படியே இருக்கிறது. எங்கள் கடல்களுக்குக் கப்பல் அனுப்பிக் கணக்கெழுதிய இந்திய மாளிகையும் அந்த வளாகத்தில்தான் இருந்தது. எல்லாம் ஒரே காலையில் போனது.

நான் இந்த நகரத்துக்கு வர ஆசைப்பட்ட காரணத்தை இங்கே எழுதிவிடுகிறேன். 1554இல் லிஸ்பனில் ஒரு சின்னச் செப நூல் அச்சானது. தமிழும் போர்த்துக்கேயமும். தமிழுக்கு அப்போது அச்செழுத்து இல்லை, அதனால் தமிழை ரோமன் எழுத்தில் கோத்தார்கள். தமிழ் எழுத்தில் 'தம்பிரான் வணக்கம்' கொல்லத்தில் அச்சாக இன்னும் 24 வருடம் இருந்தது. அதாவது தமிழ் மொழி முதல் முதல் அச்சேறியது இந்த ஊரில். எங்கள் ஊர்காவற்றுறைப் பக்கத்துத் தனிநாயகம் அடிகள்தான் 1950களில் இந்த நூலைப் பற்றித் தமிழருக்கு எடுத்துச் சொன்னார்.

அதை ஆக்கத் துணைநின்றவர்கள் இந்தியாவிலிருந்து வந்து இங்கே இருந்த மூவர். விசெந்தே, ஜோர்ஜ், தொமே என்று ஞானஸ்நானப் பெயர்கள்தான் நிற்கின்றன. தாய் வைத்த பெயர்கள் நூலில் இல்லை. எந்தக் குளிரில், எந்த அறையில் இருந்து ஒவ்வொரு சொல்லாகச் சொல்லிக் கொடுத்தார்களோ. அந்த நீல ஓடுகளில் ஒடுங்கிய தெருக்களைப் பார்க்கப் பார்க்க, இதில் ஏதோ ஒன்றால்தான் அவர்கள் நடந்து போயிருப்பார்கள் என்று நினைத்தேன். ஒரு மணித்தியாலம் நின்றேன். இவர் அவசரப்படுத்தவில்லை, வாங்கில் இருந்துகொண்டார்.

12 ஒக்டோபர், வியாழன்

பத்து மணிக்கு வீட்டுக்கார அம்மா வந்தார். நேற்றிரவு ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். ஒரு பக்கம் அவருடைய சொல், மறுபக்கம் எங்கள் சொல்லை ரோமன் எழுத்தில்: யன்னல், குசினி, மேசை, கதிரை, அலுமாரி, சப்பாத்து, லேஞ்சி, தாச்சி, பாண். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாக உரத்து வாசித்தார். 'சப்பாத்து' வந்ததும் குனிந்து தன் காலைத் தொட்டுக் காட்டினார். 'லேஞ்சி'க்குச் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து ஆட்டினார். 'தாச்சி' மட்டும் விளங்கவில்லை. நான் அடுப்பிலிருந்ததைத் தூக்கிக் காட்டினேன். "தாஷு!" என்று கத்திவிட்டு என்னைக் கட்டிக்கொண்டார்.

எந்த ஊர் என்று கேட்டார். யாழ்ப்பாணம் என்றேன். அவருக்கு விளங்கவில்லை. "செய்லாவ்ன்" என்று இவர் அவருடைய மொழியில் இலங்கையின் பெயரைச் சொன்னதும் தலையாட்டினார். கொஞ்சம் யோசித்துவிட்டு, தாளை மடித்து அலுமாரிக்குள் வைத்தார்.

விமான நிலையத்துக்கு வாடகைக் கார் கீழே வந்துவிட்டது. திறப்பைக் கையில் கொடுத்தேன். குசினிக்குள் போய், காலையில் வாங்கிய பாணில் மிச்சப் பாதியைத் தாளில் சுற்றி வந்து என் கைப்பைக்குள் வைத்துவிட்டார். பெட்டிகளைத் தெருக்கல்லில் இழுத்துக்கொண்டு போகும்போது திரும்பிப் பார்த்தேன். மூன்றாம் மாடி யன்னலில் நின்று லேஞ்சியை ஆட்டிக்கொண்டிருந்தார்.