டெக்ஸாஸிலிருந்து இல்லினாய்க்கு ஒரு ஷாட்கன்: அக்கா மகனுக்குச் சட்டப்படி கொடுத்த கதை

அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருக்கும் நம்மவர்களிடம் அடிக்கடி கேட்கும் பேச்சு இது: "சொந்தக்காரனுக்குத்தானே கொடுக்கிறேன், அதற்கு எதற்கு ஃபார்மும் டீலரும்?" இருவரும் ஒரே மாநிலத்தில் இருந்தால் பல இடங்களில் அது சரியாகக்கூட இருக்கலாம். நடுவில் மாநில எல்லை வந்துவிட்டால் அப்பா, பிள்ளை, அண்ணன், தம்பி யாருக்கும் விலக்கு இல்லை. 1968ஆம் ஆண்டின் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, வேறு மாநிலத்தில் குடியிருப்பவருக்கு உரிமம் பெற்ற டீலர் வழியாகத்தான் கொடுக்க வேண்டும். காசு வாங்காமல் கொடுத்தாலும் அப்படித்தான். தெரிந்தே மீறினால் 5 ஆண்டு வரை சிறை. உயில் அல்லது வாரிசுரிமை வழியாகச் சேர்வதற்கும், வேட்டை, விளையாட்டுக்காகத் தற்காலிகமாக இரவல் தருவதற்கும் மட்டும் விலக்கு உண்டு.

என்னிடம் இருந்தது, வானில் எறியப்படும் களிமண் தட்டுகளைக் குறிபார்த்துச் சுடும் விளையாட்டுக்காக வாங்கிய 12 கேஜ் (குழல் விட்டத்தின் அளவு) இரட்டைக்குழல் ஷாட்கன். தோள்பட்டை அறுவை சிகிச்சைக்குப் பிறகு அதன் உதைப்பை என்னால் தாங்க முடியவில்லை. சிகாகோ பக்கம் இருக்கும் அக்கா மகனுக்கு அதே விளையாட்டில் ஆசை வந்திருந்தது. "அடுத்த தடவை வரும்போது டிக்கியில போட்டு எடுத்துட்டு வாங்க மாமா" என்றான். அத்தானும் அதையேதான் சொன்னார். சட்டத்தைப் படித்துக் காட்டிய பிறகே இருவரும் ஒத்துக்கொண்டார்கள்.

முதலில் பார்க்க வேண்டியது, வாங்குபவருக்கு வாங்கும் தகுதி இருக்கிறதா என்பது. நம் குடும்பங்களில் இதை யாரும் யோசிப்பதே இல்லை. எச்1பி போன்ற தற்காலிக விசாவில் இருப்பவர் துப்பாக்கியைக் கையில் வைத்திருப்பதே மத்திய சட்டப்படி குற்றம். செல்லுபடியாகும் வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் மட்டுமே உண்டு. கிரீன் கார்டு வந்துவிட்டால் அந்தத் தடை இல்லை. இவனுக்கு வந்துவிட்டது. இன்னொன்று கஞ்சா. இல்லினாயில் 2020 ஜனவரி முதல் பெரியவர்கள் கடையிலேயே வாங்கலாம். ஆனாலும் மத்திய சட்டம் அதைத் தடையாகவே பார்க்கிறது என்று, டீலரிடம் துப்பாக்கி வாங்குபவர் நிரப்ப வேண்டிய மத்திய அரசின் 4473 படிவத்திலேயே எச்சரிக்கை இருக்கிறது. அவனிடம் இதை நேராகவே கேட்டேன். கூச்சமான கேள்விதான், ஆனால் கேட்டே ஆக வேண்டிய கேள்வி.

அடுத்தது அவனுடைய மாநிலச் சட்டம். டெக்ஸாஸில் துப்பாக்கி வைத்திருக்க அட்டை எதுவும் தேவையில்லை. இல்லினாயில் ஃபாய்டு கார்டு (துப்பாக்கி வைத்திருப்பவருக்கு மாநிலம் தரும் அடையாள அட்டை) இல்லாமல் துப்பாக்கியும் கூடாது, தோட்டாவும் கூடாது. மாநிலப் போலீஸின் தளத்தில் போட்டோவோடு விண்ணப்பித்தான். கட்டணம் 10 டாலர், கார்டு 10 ஆண்டு செல்லும். அது கைக்கு வரும்வரை நான் துப்பாக்கியை அலமாரியிலிருந்து எடுக்கவே இல்லை. 2023இல் இல்லினாய் பல செமி ஆட்டோமேட்டிக் (ஒவ்வொரு முறை சுட்டதும் அடுத்த தோட்டா தானாக ஏறும்) ரகங்களைத் தடை செய்தது. என்னுடையது குழலை மடக்கித் திறக்கும் ரகம், அதனால் சிக்கல் இல்லை. அனுப்பப்போகிற மாடல் அங்கே அனுமதிக்கப்பட்டதா என்று அங்குள்ள டீலரிடமே கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

டீலரைப் பிடிப்பதில்தான் நேரம் போனது. அவன் வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த கடையில் தனிநபர் அனுப்பும் துப்பாக்கியை வாங்க மாட்டோம், இன்னொரு டீலரிடமிருந்து வந்தால்தான் எடுப்போம் என்றார்கள். பல கடைகளில் இதுதான் வழக்கம். பெரிய கூரியர் நிறுவனங்களும் தனிநபரிடம் துப்பாக்கி வாங்குவதில்லை. ரைஃபிள், ஷாட்கன் என்றால் தபால் துறை வழியாக நாமே டீலருக்கு அனுப்ப விதி இடம் தருகிறது. காரில் எடுத்துப்போய் அங்குள்ள டீலரிடம் நானே ஒப்படைத்திருக்கவும் முடியும். ஆனால் அப்போதைக்குப் பயணம் எதுவும் இல்லை. ஆகவே என் ஊர் டீலரிடமே போனேன். அவர் அந்தக் கடையின் உரிம நகலை வரவழைத்து, டீலர் உரிமங்களைச் சரிபார்க்கும் மத்திய அரசின் ஈஸி செக் தளத்தில் உரிம எண்ணைச் சரிபார்த்து, தன் பேரேட்டில் சீரியல் எண்ணை எழுதிக்கொண்டு அனுப்பிவைத்தார். இரண்டு கடைக்கும் கட்டணம் கொடுத்தோம். இந்த நிம்மதிக்கு அந்தச் செலவு தகும்.

இதற்கிடையில் அத்தான் இன்னொரு யோசனை சொன்னார். பழையது எதற்கு, பையன் பணம் அனுப்புவான், நீயே உன் பேரில் புதிதாக ஒன்று வாங்கி அனுப்பு என்று. இதே காரியத்தைச் செய்துதான் ஒருவர் சுப்ரீம் கோர்ட் வரை போனார். வர்ஜீனியாவைச் சேர்ந்த ஆப்ராம்ஸ்கி என்ற முன்னாள் போலீஸ்காரர், பென்சில்வேனியாவில் இருந்த தன் மாமாவின் பணத்தில் கைத்துப்பாக்கி வாங்கினார். பிறகு அதை டீலர் வழியாகத்தான் மாமாவிடம் சேர்த்தார். மாமாவுக்கும் துப்பாக்கி வாங்க முழுத் தகுதி இருந்தது. ஆனால் வாங்கும்போது படிவத்தில் "உண்மையில் வாங்குபவர் நானே" என்று எழுதியது பொய். 2014இல் 5க்கு 4 என்ற கணக்கில் நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. நம் காசில் வாங்கி உண்மையாகவே பரிசாகத் தருவது வேறு. அடுத்தவர் காசில் அவருக்காக வாங்கிவிட்டு நமக்கென்று எழுதுவது வேறு. அத்தானுக்கு இந்த வழக்கைச் சொன்னபோது அதற்கு மேல் அவர் ஒன்றும் பேசவில்லை.

துப்பாக்கி போய்ச் சேர்ந்ததும் அவன் கடைக்குப் போனான். ஃபாய்டு கார்டு, ஓட்டுநர் உரிமம், கிரீன் கார்டு மூன்றையும் காட்டி 4473 படிவத்தை அவனே நிரப்பினான். இல்லினாயில் டீலர் மாநிலப் போலீஸிடம் விவரம் தர, அவர்கள் எஃப்பிஐயின் நிக்ஸ் எனும் பின்னணிச் சோதனைப் பதிவுகளோடு ஒப்பிட்டுப் பதில் சொல்கிறார்கள். ஒப்புதல் வந்தாலும் உடனே கையில் தருவதில்லை. 72 மணி நேரம் காத்திருக்க வேண்டும். அதன் பிறகு போய் வாங்கி வந்தான்.

என் டீலர் தந்த ரசீதைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். நாளைக்கு அந்தத் துப்பாக்கி திருடுபோய் எங்காவது ஒரு குற்றத்தில் சிக்கினால், விசாரணை தயாரிப்பாளரிலிருந்து தொடங்கி, விற்ற கடை, முதலில் வாங்கியவர் என்றுதான் வரும். முதலில் வாங்கியவன் நான். சீரியல் எண், தேதி, ஒப்படைத்த கடையின் பெயர் மூன்றும் அந்த ரசீதில் இருக்கின்றன. அவனையும் தன் பங்குக்கு அங்குள்ள கடை ரசீதைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னேன், இரண்டையும் ஒரே ஃபைலில் போட்டுவிட்டேன்.