ஜூபாட்டா புல்லைத் தூரோடு எடுப்பது

கலிஃபோர்னியாக் கடலோரத்தில் பிக் சர் மலைச்சரிவுகள் தொடங்கி வடக்கே ரெட்வுட் தேசியப் பூங்கா வரை ஆளுயரக் கொண்டையோடு நிற்கும் புல்லை எல்லோரும் ‘பாம்பாஸ்’ என்றுதான் சொல்கிறார்கள். பெரும்பாலும் அது பாம்பாஸின் பங்காளியான ஜூபாட்டா. இரண்டுமே வெளியிலிருந்து வந்து பரவிய களைப்புற்கள். பாம்பாஸ் 1848இல் சான்டா பார்பராவுக்கு அழகுச்செடியாக வந்தது. 1946இல் அரசின் மண்காப்புத் துறையே மண்ணரிப்பைத் தடுக்க அதை நட்டது என்பது தனி வேடிக்கை.

ஜூபாட்டாவின் இலை கரும்பச்சை. கதிர்த்தண்டு இலைத்திரளைத் தாண்டி வெகு உயரம் போகும். பூ ஊதா கலந்த இளஞ்சிவப்பாக வந்து பழுப்பாகும். பாம்பாஸின் இலை சாம்பல் பூத்த பச்சை, கதிர் வெள்ளை, இலைத்திரளைவிட அதிக உயரம் போகாது. இந்த வேறுபாடு தெரிந்திருப்பது முக்கியம். ஜூபாட்டா முழுக்கப் பெண்செடி, மகரந்தமே இல்லாமல் விதை கட்டும். ஒரே செடி போதும். ஒரு கதிரில் ஒரு லட்சம் விதை வரை இருக்கும், காற்று பல கிலோமீட்டர் கொண்டுபோகும்.

எனவே கதிர் முற்றுமுன் அறுத்துப் பையில் கட்டுங்கள். தரையில் போட்டால் அங்கேயே விதை முற்றிவிடும். அதே பருவத்தில் மறுகதிரும் வரலாம், திரும்பப் போய்ப் பாருங்கள்.

நாற்றுகளை மழைக்குப் பிறகு கையால் பிடுங்கலாம். பெரிய தூர் என்றால் கையுறை, முழுக்கைச் சட்டை, கண்ணாடி இல்லாமல் கிட்டே போகாதீர்கள். இலை விளிம்பு ரம்பம். முதலில் இலையை வெட்டி வழி செய்துகொண்டு, தூரைச் சுற்றிக் கொத்திப் பெயர்க்க வேண்டும். பக்கவேர் முழுவதையும் துரத்த வேண்டாம், தூர் வந்தால் போதும். ஆனால் பெயர்த்ததை அப்படியே விட்டால் மறுபடி வேர்பிடிக்கும். மண்ணை உதறி, வேர் வானம் பார்க்கக் கவிழ்த்து வையுங்கள்.

இலையை மட்டும் வெட்டுவதும் கொளுத்துவதும் வீண்; தூரிலிருந்து துளிர்க்கும். செங்குத்துச் சரிவில் தோண்டினால் மண் சரியும். அங்கே மட்டும், வெட்டிய பின் வரும் துளிர்மேல் கிளைபோசேட் என்ற களைக்கொல்லியின் 2 சதவீதக் கரைசல் தெளிப்பதே மேல்.

விதை மண்ணில் நெடுநாள் உயிரோடிருப்பதில்லை. ஆனாலும் கிளறிய இடத்தில் வெளிவிதை விழுந்து முளைக்கும் என்பதால் ஆண்டுதோறும் ஒரு சுற்று போய் வர வேண்டும். காற்று வரும் திசையில் யார் தோட்டத்திலாவது கொண்டை தெரிந்தால், பேச்சை அங்கே தொடங்குங்கள். மாற்றாக நட அந்த மண்ணுக்கே உரிய டீர் கிராஸ் என்ற புல் இருக்கிறது.