எருக்குழிப் புழுவும் வயல் புழுவும்

மார்செல் பூஷேன்னு ஒரு பிரெஞ்சு உயிரியல் ஆராய்ச்சியாளர், வாழ்க்கை பூரா மண்புழுவுக்கே கொடுத்த மனுஷன். அந்த நாட்டு அரசாங்க விவசாய ஆராய்ச்சி நிறுவனமான இன்ராவுல மொதல்ல டிஜோன், அப்புறம் மோன்பெலியேன்னு வேலை பாத்தார். 1972ல பிரான்ஸ் மண்புழுக்களைப் பத்தி 671 பக்கத்துக்கு புக் போட்டார், அவ்ளோ தோண்டியிருக்கார்!

அவர் புழுவை மூணு கூட்டமா பிரிச்சதுதான் எனக்கு ரொம்ப முக்கியமா படுது. ஒண்ணு மேலாக்க குப்பையிலயே கிடந்து மக்குறதை திங்கும், செவப்பா இருக்கும், வேகமா பெருகும். இன்னொண்ணு வெளுத்துப்போய் மண்ணுக்குள்ளயே குறுக்க நெடுக்க போய் மண்ணையே திங்கும். மூணாவது செங்குத்தா வளை போட்டு ஆழத்துல இருக்கும், ராத்திரி மேல வந்து சருகை உள்ள இழுத்துக்கும், அந்த வளை வழியாத்தான் மழைத் தண்ணியும் காத்தும் கீழ இறங்கும்.

இதை ஏன் சொல்றேன்னா, திருவையாறு பக்கம் எங்க மாமா வாழைக் கொல்லைக்கு மண்புழு உரத்தை புழுவோட மூட்டையா வாங்கி கொட்டினார், கொஞ்ச நாள்ல ஒரு புழுவையும் காணோம். "ஏன்டா, புழுன்னா எல்லாம் புழுதானே?"ன்னு கேட்டார். இல்ல மாமா, அது மொத கூட்டம், எருக்குழிப் புழு, மக்குற குப்பை இல்லாத வெறும் மண்ணுல அதுக்கு திங்க என்ன இருக்கு? உரம் நல்லதுதான், ஆனா மண்ணைத் துளைக்கிற வேலை அதோடது இல்ல.

அந்த வேலைக்கு நம்மகிட்டயே ஆளு இருக்கு, லாம்பிட்டோ மவுரிட்டிங்கிற நம்ம ஊர் மண்புழு. சென்னை நியூ காலேஜ்ல இருந்த மண்புழு ஆராய்ச்சியாளர் சுல்தான் அகமது இஸ்மாயில் சார் பல வருஷமா இதைத்தான் சொல்றார், உள்ளூர் புழுவை வளருங்கன்னு. ஐப்பசி மழை விட்டதும் படுகையில வாழைத்தூர் ஓரமா பாருங்க, சின்னச் சின்ன உருண்டையா மண்ணு குவிஞ்சிருக்கும், கையில எடுத்து நசுக்கினா பிசுபிசுன்னு மாவு மாதிரி இருக்கும். அங்க புழு இருக்குன்னு அர்த்தம். அந்த இடத்துல சருகை கொளுத்தாம அப்படியே போட்டு வைங்க, மண்ணைக் கிளறுற ரோட்டவேட்டரை சும்மா சும்மா விடாதீங்க, போதும். சம்பா வயல்ல தண்ணி கட்டி நிக்கறப்ப கதை வேற, அப்ப வரப்புலதான் தேடணும்.

பூஷே பிற்பாடு மண்புழுவை வச்சு சாக்கடைத் தண்ணியை சுத்தம் பண்றதுலயும் இறங்கினார், மோன்பெலியே பக்கத்துல கொம்பாயோங்கிற சின்ன ஊருக்கு அந்த மாதிரி ஒரு நிலையமே வந்துச்சு. நம்ம வாய்க்கால்ல வீட்டுக் கழிவு கலக்குறதை பாக்குறப்பல்லாம் இதான் ஞாபகம் வருது. டெல்டாவுல எந்த ஊர்லயாவது சின்ன அளவுல யாராவது செஞ்சிருந்தா சொல்லுங்க, நேர்ல வந்து பாக்கணும்.