சித்தியின் அளவு நோட்டும் நீளாத கட்டங்களும்

சித்தி வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறார். ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் அளவு நோட்டில் அரைப்பக்கம்: உயரம், தோள், மார்பு, இடுப்பு, முன்கழுத்து, பின்கழுத்து, கை நீளம், கை லூஸ், ஆர்ம்ஹோல். ஓரத்தில் 'லைனிங் அவங்களே கொடுத்தது', 'பின்கழுத்துக்கு நாட் வேணும்' என்று பொடி எழுத்தில் குறிப்பு. நோட்டின் அட்டை பிய்ந்து பக்கங்கள் உதிரத் தொடங்கியதும், இதை லேப்டாப்பில் ஏற்றித் தருகிறேன் என்றேன். பைத்தான் நிரல்மொழியும், அதில் ஜன்னல், கட்டம், பொத்தான் எல்லாம் அமைக்க உதவும் டிகின்டரும் ஓரளவு பழக்கம். தகவலைச் சேமிக்கும் வேலை ஒரே மாலையில் முடிந்தது. படிவத்தின் கட்டங்களைச் சரியான அகலத்தில் உட்கார வைக்கத்தான் நான்கு வார இறுதிகள் ஆயின.

முதல் வாரம், ஒவ்வொன்றுக்கும் இடத்தை பிக்சல் கணக்கில் நாமே சொல்லும் 'பிளேஸ்' முறையில் வைத்தேன். லேபிள் இடது ஓரத்தில், கட்டம் 150 பிக்சல் தள்ளி. என் திரையில் கச்சிதமாக இருந்தது. சித்தியின் லேப்டாப்பில் விண்டோஸ் ஸ்கேலிங் (திரையில் எல்லாவற்றையும் பெரிதாக்கிக் காட்டும் அமைப்பு) 150 சதவீதம். அங்கே 'முன்கழுத்து' என்ற சொல்லின் பின்பாதி கட்டத்துக்கு அடியில் போய்விட்டது. எழுத்து மங்கலாகத் தெரியக் கூடாது என்பதற்காக நிரலின் தொடக்கத்திலேயே டிபிஐ அமைப்பை (திரையின் ஸ்கேலிங்கை நிரலே கவனித்துக்கொள்ளும் என்று விண்டோஸிடம் சொல்வது) போட்டிருந்தேன். அதனால் பாயின்ட் கணக்கில் கொடுத்த எழுத்து திரைக்கேற்பப் பெரிதானது. பிக்சல் கணக்கில் கொடுத்த 150 அப்படியே நின்றது. தமிழ் லேபிள்கள் ஏற்கெனவே நீளம், பெரிதானால் கேட்கவே வேண்டாம். பிளேஸை அன்றே கைவிட்டேன்.

அடுத்த வாரம், வரிசை, நெடுவரிசை என்று அட்டவணைபோல அடுக்கும் 'கிரிட்'. லேபிள்கள் முதல் நெடுவரிசையில், கட்டங்கள் இரண்டாவதில். லேபிள் எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு முதல் நெடுவரிசை தானாக அகலமாகிவிடுகிறது. கட்டத்துக்கு அடியில் எழுத்து மறையும் தொல்லை அத்தோடு தீர்ந்தது. ஆனால் ஜன்னலைப் பெரிதாக்கினால் படிவம் இருந்த இடத்திலேயே சுருண்டு கிடந்தது, சுற்றிலும் வெற்றுச் சாம்பல் நிறம். 'ஸ்டிக்கி'யில் கிழக்கு, மேற்கு (அதாவது வலம், இடம்) இரண்டும் கொடுத்தேன், அசையவில்லை. அதை எடுத்துவிட்டு நெடுவரிசைக்கு 'வெயிட்' 1 கொடுத்தேன். இப்போது கட்டம் பழைய அகலத்திலேயே நெடுவரிசையின் நடுவில் மிதந்தது.

இந்த இரண்டும் எனக்குப் பிடிபட ஒரு ஞாயிறு முழுதும் தேவைப்பட்டது. வெயிட் என்பது அறை வளர்வது. ஸ்டிக்கி என்பது அறைக்குள் இருக்கும் பொருள் எந்தெந்தச் சுவரைப் பிடித்துக்கொள்கிறது என்பது. அறை வளராமல் சுவரைப் பிடித்துப் பயனில்லை. சுவரைப் பிடிக்காவிட்டால் அறை வளர்ந்தும் பொருள் நீளாது. வெயிட்டின் இயல்பு மதிப்பு சுழியம், அதாவது நாமாகச் சொல்லாதவரை எந்த நெடுவரிசையும் வளராது.

பிறகு கட்டங்களை ஒரு ஃபிரேமுக்குள் (பொருள்களைத் தொகுத்து வைக்கும் சட்டகம்) மாற்றினேன். இப்போது இரண்டையும் சேர்த்துக் கொடுத்தும் என் படிவம் நகரவில்லை. அப்புறம்தான் ஒரு வேலை செய்தேன்: உள்ளே இருந்த ஃபிரேமுக்கு மஞ்சள், ஜன்னலுக்கு நீலம் என்று தற்காலிகமாக நிறம் பூசினேன். (டிகின்டரின் புதிய தோற்றப் பகுதியான டிடிகேயின் ஃபிரேம் நேரடியாகப் பின்னணி நிறம் ஏற்காது, பழைய டிகே ஃபிரேமை மாற்றி வைத்துக்கொள்ள வேண்டும்.) ஜன்னலை இழுத்ததும் நீலம்தான் விரிந்தது, மஞ்சள் அசையவே இல்லை. ஃபிரேம் உட்கார்ந்திருக்கும் ஜன்னலின் நெடுவரிசைக்கு நான் வெயிட் கொடுத்திருக்கவில்லை. வெளியிலிருந்து உள்ளே வரை ஒவ்வொரு அடுக்கிலும் வெயிட்டும் ஸ்டிக்கியும் இருந்தால்தான் அந்த இடம் கடைசிக் கட்டம்வரை வந்து சேரும். லேஅவுட்டில் எதுவும் புரியாமல் நிற்கும்போது முதலில் நிறம் பூசிப் பாருங்கள், மனதார இதைச் சொல்கிறேன். என் நேரத்தை மிச்சப்படுத்தியது அந்த மஞ்சள்தான்.

மூன்றாவது வாரம் சித்தியிடம் காட்டினேன். எல்லாக் கட்டமும் திரையின் மறுகோடி வரை நீண்டிருந்தது. அவர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ரெண்டு நம்பர் எழுத இவ்வளவு பெரிய இடம் எதுக்குப்பா? நோட்டுல ஒரே பார்வையில எல்லாம் தெரியும். இங்க கண்ணு அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் ஓடுது" என்றார். சரிதான். தோள் 14 என்றால் அதற்கு நான்கைந்து எழுத்து இடம் போதும். பெயரும் குறிப்பும்தான் நீள வேண்டியவை.

அளவுகளை இரண்டிரண்டாக அடுக்கினேன்: லேபிள், கட்டம், லேபிள், கட்டம் என நான்கு நெடுவரிசைகள். கட்டத்தின் அகலம் 6 எழுத்து, ஸ்டிக்கி மேற்கு மட்டும். பெயர்க் கட்டம் மீதி மூன்று நெடுவரிசைகளிலும் பரவி நிற்கும். பெயர் நீள வேண்டுமே என்று கட்டங்கள் இருக்கும் இரண்டு நெடுவரிசைகளுக்கும் வெயிட் கொடுத்தால், ஜன்னல் விரிய விரிய 'மார்பு'க்கும் 'இடுப்பு'க்கும் நடுவே பெரிய பள்ளம் விழுந்தது. வெயிட்டை எல்லாம் எடுத்தாலும் சிக்கல் தீரவில்லை. பெயர்க் கட்டம் கேட்கும் கூடுதல் அகலத்தை, அந்தக் கட்டம் பரவிய நெடுவரிசைகளுக்கு கிரிட் சமமாகப் பங்கு போட்டுவிடுகிறது.

விடை வலப்பக்கத்தில் ஐந்தாவதாக ஒரு காலி நெடுவரிசை. அதில் எந்தப் பொருளும் கிடையாது, வெயிட் 1 மட்டும். பெயர்க் கட்டம் அதையும் சேர்த்துப் பரவுகிறது. கூடுதல் இடம் முழுவதையும் அந்தக் காலி நெடுவரிசை வாங்கிக்கொள்கிறது. பெயர் நீள்கிறது, அளவுக் கட்டங்கள் இடப்பக்கமாக நெருங்கி நிற்கின்றன. ஜன்னலை இழுத்து இழுத்துப் பார்த்தேன், அலுக்கவே இல்லை.

நான்காவது வாரம் சில்லறை வேலைகள். குறிப்புக்கு வைத்த டெக்ஸ்ட் பெட்டி சொல்லாமல் விட்டால் 80 எழுத்து அகலமும் 24 வரி உயரமும் கேட்கும், படிவமே அதற்கேற்ப உப்பிவிடும். அகலம் 1, உயரம் 4 என்று கொடுத்து, நான்கு திசையிலும் ஒட்டவைத்து, அந்த வரிசைக்கும் வெயிட் கொடுத்ததும் இருக்கும் இடத்துக்குள் அடங்கி உட்கார்ந்தது.

பெயருக்கு 20 எழுத்து அகலம் கொடுத்திருந்தேன். 'மீனாட்சிசுந்தரி, மாடிவீடு' என்று அடித்தால் கடைசிப் பகுதி மறைந்தது. அந்த 20 என்பது எழுத்துருவின் '0' என்ற இலக்கத்தை வைத்து அளப்பது. எழுத்துருவின் 'மெஷர்' செயற்கூறில் '0', 'ண' இரண்டையும் கொடுத்துப் பார்த்தேன். 'ண' நன்றாகவே அகலம். ஆங்கில உதாரணங்களில் வரும் எண்ணைத் தமிழுக்கு அப்படியே எடுக்க முடியாது. 34 வைத்தேன். அளவுக் கட்டங்களில் இலக்கம் மட்டும்தான் வருகிறது, அங்கே 6 என்றால் நிஜமாகவே 6.

கடைசியாக ஜன்னலைச் சுருக்கும் சோதனை. வெயிட் உள்ள நெடுவரிசைதான் முதலில் மெலிகிறது, வெயிட் இல்லாதவை விட்டுக்கொடுப்பதில்லை. ஓர் அளவுக்குமேல் சுருக்கினால் வலப்பக்கம் வெட்டுப்பட்டது. எல்லாம் வைத்து முடித்தபின் படிவம் கேட்கும் அகல உயரத்தை நிரலிலேயே கேட்டு வாங்கி, ஜன்னலின் குறைந்தபட்ச அளவாக வைத்துவிட்டேன். 1366×768 திரையில் முழுதும் தெரிகிறது.

போன சனிக்கிழமை சித்தி பதினோரு பேரின் அளவை ஏற்றினார். 'உயரம்' கட்டத்தில் மட்டும் "14 1/2 - 15" என்று அடித்தார், துணி சுருங்கும் என்றால் இரண்டு அளவும் எழுதுவது அவர் வழக்கமாம். அந்த ஒன்றின் அகலத்தை 12 ஆக்கியிருக்கிறேன். அடுத்து, என்டர் தட்டினால் அவர் டேப்பில் அளக்கும் வரிசைப்படியே கர்சர் போக வேண்டும் என்கிறார்: முதலில் உயரம், பிறகு தோள், கை, கடைசியில் கழுத்து.