ஹார்னெட் கவுண்டியில் முன்பணமின்றி வீடு தேடிய அனுபவம்

வட கரோலினாவின் கேரி நகரில் ஆறு ஆண்டுகள் வாடகைக்குக் குடியிருந்த எங்களுக்கு, 2024ஆம் ஆண்டு வாடகையை உயர்த்தும் கடிதம் வந்தபோதுதான் சொந்த வீட்டைப் பற்றிய பேச்சு சூடு பிடித்தது. கையில் சேமிப்பு அதிகமில்லை. அமெரிக்க வேளாண்துறை உத்தரவாதம் அளிக்கும் ஊரக வீட்டுக் கடனுக்கு முன்பணமே தேவையில்லை என்று அலுவலக நண்பர் ஒருவர் சொன்னார். வேளாண்துறை என்றதும், "அப்படியென்றால் நிலத்தை உழ வேண்டுமா?" என்று அம்மா கேட்டார். உண்மையில் நிலைமை நேர்மாறானது: வருமானம் ஈட்டும் பண்ணையாக இருந்தால் அந்த இடத்துக்கு இந்தக் கடன் கிடைக்காது.

எந்தெந்த இடங்கள் தகுதி பெறும் என்பதைக் காட்டும் வரைபடத்தை வேளாண்துறையே இணையத்தில் வைத்திருக்கிறது. அதில் நிறம் பூசப்பட்டிருக்கும் பகுதிதான் தகுதியானது என்று நானே முடிவு செய்துகொண்டு, இரண்டு வார இறுதிகளைத் தவறான திசையில் செலவிட்டேன். நிறம் பூசிய பகுதி தகுதியற்றது. வெறுமையாக விடப்பட்டதே தகுதியானது. இது புரிந்த பிறகுதான் கேரியை விட்டுத் தெற்கே, 401ஆம் நெடுஞ்சாலை வழியாக, ஹார்னெட் கவுண்டி என்னும் மாவட்டத்தின் லில்லிங்டன், ஏஞ்சியர், கோட்ஸ் பக்கம் தேடத் தொடங்கினோம். சர்க்கரைவள்ளிக் கிழங்கு வயல்களுக்கு நடுவே நடைபாதையும் தெருவிளக்குமாகப் புதுக் குடியிருப்புகள் நிற்பதைப் பார்த்தபோது, 'ஊரகம்' என்ற சொல்லுக்கு அரசு தரும் பொருள் வேறு என்பது விளங்கியது. ஊரின் மக்கள்தொகையும் பெருநகரோடு அதற்குள்ள தொடர்புமே அங்கே கணக்கு.

விற்பனை விளம்பரத்தில் 'ஊரகக் கடனுக்குத் தகுதியானது' என்று எழுதியிருப்பதை நான் ஒருபோதும் நம்பவில்லை. ஒவ்வொரு வீட்டின் முகவரியையும் வரைபடத்தில் இட்டு, குறி சரியான கூரையின் மேல்தான் விழுந்திருக்கிறதா என்று பார்த்த பிறகே காரை எடுத்தேன்.

இடத்தைப் போலவே வருமானத்துக்கும் வரம்பு உண்டு. 2024இன் நடுவில் நாட்டின் பெரும்பாலான கவுண்டிகளில் நான்கு பேர் வரையுள்ள வீட்டுக்கு 1,12,450 டாலர், ஐந்து முதல் எட்டுப் பேர் உள்ள வீட்டுக்கு 1,48,450 டாலர் என்று வரம்பு இருந்தது. நாங்கள் இருவர், பிள்ளைகள் இருவர், அம்மா எனக் குடும்பத்தில் ஐந்து பேர் என்பதால் தப்பித்தோம். விண்ணப்பத்தில் என் பெயர் மட்டுமே இருந்தாலும், மனைவி பகுதிநேரமாகக் குழந்தைகள் காப்பகத்தில் பெறும் சம்பளமும் கணக்கில் சேர்ந்தது. வீட்டில் வாழும் பெரியவர் எல்லாருடைய வருமானமும் எண்ணப்படும். கணவன் மனைவி இருவரும் மென்பொருள் துறையில் இருக்கும் நம்மவர் குடும்பங்கள் பெரும்பாலும் இந்தப் படியிலேயே நின்றுவிடும். எச்-1பி விசாவில் இருப்பவர்களுக்கும் இந்தக் கதவு திறப்பதில்லை. எங்களிடம் கிரீன் கார்டு இருந்தது.

உண்மையான தலைவலி மண்ணுக்கு அடியில் இருந்தது. இப்பகுதியில் பல வீடுகளுக்கு நகராட்சிக் கழிவுநீர்க் குழாய் இல்லை, செப்டிக் டேங்க்தான். நான்கு படுக்கையறை என்று விளம்பரம் செய்யப்பட்ட ஒரு வீடு அம்மாவுக்கு மிகவும் பிடித்துப்போனது. விலை பேசி முடித்து, இம்மாநில வழக்கப்படி ஆய்வுக் காலத்துக்கான கட்டணமாக 1,000 டாலரை விற்பவரிடம் கொடுத்தோம். வாங்காமல் விலகினால் அந்தப் பணம் திரும்பி வராது. பிறகு செப்டிக் டேங்க் எத்தனை படுக்கையறைக்கானது என்று குறிக்கும் பழைய அனுமதியைக் கவுண்டி சுகாதாரப் பிரிவிலிருந்து வாங்கிப் பார்த்தால், மங்கிய மை எழுத்தில் 'மூன்று படுக்கையறை' என்றிருந்தது. நான்காவது அறையை யாரோ பிற்பாடு சேர்த்திருக்கிறார்கள். மூன்று அறைக்கான அனுமதியுள்ள வீட்டுக்கு நான்கு அறை விலை கொடுக்க மனம் வரவில்லை. விலகினோம், ஆயிரம் டாலர் போனது போனதுதான். அனுமதித் தாளைக் கேட்டுப் பெறச் செலவு ஒன்றும் ஆகவில்லை என்பதுதான் அதிகம் உறுத்தியது.

அதன் பிறகு வரிசையை மாற்றிக்கொண்டேன்: முதலில் வரைபடம், அடுத்து செப்டிக் அனுமதி, அதற்குப் பின்புதான் வீட்டைப் பார்க்கப் போவது. அப்படிக் கிடைத்ததுதான் லில்லிங்டனுக்கு வெளியே 2,85,000 டாலர் விலையில், உண்மையாகவே மூன்று அறைகள் கொண்ட இப்போதைய வீடு. உத்தரவாதக் கட்டணம் ஒரு விழுக்காடு, ஏறக்குறைய 2,850 டாலர். அதைக் கடனிலேயே சேர்த்துவிட்டார்கள். ஆண்டுக் கட்டணம் 0.35 விழுக்காடு என்பதால் மாதம் 84 டாலர் போல ஆகிறது. முன்பணம் இல்லையென்றாலும் பதிவு முடிக்கும் நாளுக்கான செலவுகளுக்குத் தனியாகப் பணம் வைத்திருக்க வேண்டியிருந்தது. விற்பவர் அதில் ஒரு பகுதியை ஏற்க ஒப்புக்கொண்டது எங்கள் நல்ல நேரம்.

கடன் நிறுவனம் ஒப்புதல் தந்த பிறகும் கோப்பு வேளாண்துறை அலுவலகத்துக்குச் சென்று அவர்களுடைய ஒப்புதலும் வர வேண்டும் என்பதை எங்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அதனால் பதிவு நாளை ஒருமுறை தள்ளிப்போட்டோம். கேரி வீட்டைக் காலி செய்ய வேண்டிய நாளோ தள்ளிப்போகவில்லை. பன்னிரண்டு நாட்கள் நண்பர் வீட்டுக் கூடத்தில் பெட்டிகளோடு படுத்துக்கிடந்தோம். அம்மாவின் இட்லிப் பானை எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று கடைசிவரை கண்டுபிடிக்க முடியவில்லை.