டயப்பருக்கு முன்னால் ஒரு நோட்டுப் புத்தகம்

வீட்டில் பெரியவருக்கு வேட்டியிலோ நைட்டியிலோ மூத்திரம் கசிய ஆரம்பித்தால், ராயபுரமானாலும் வியாசர்பாடியானாலும் நடப்பது ஒன்றுதான். "வயசாயிடுச்சு, அப்படித்தான்" என்று சொல்லி மெடிக்கல் ஷாப்பில் டயப்பர் வாங்கிவிடுகிறார்கள். வயதானால் கசிவு வர வாய்ப்பு கூடும், உண்மைதான். ஆனால் வயதை மட்டும் காரணம் சொல்லிவிட்டால், சரிசெய்யக்கூடிய கோளாறெல்லாம் டயப்பருக்குள்ளேயே மறைந்துபோகும்.

முதலில் மூன்று நாள் எழுதுங்கள். எத்தனை மணிக்குப் போனார், எத்தனை மில்லி, எப்போது நனைந்தது, அப்போது என்ன செய்துகொண்டிருந்தார், என்ன குடித்தார். அளக்க மில்லி கோடு போட்ட எந்த டப்பாவும் போதும். ஏற்கெனவே டயப்பர் கட்டியிருந்தால் காய்ந்ததையும் நனைந்ததையும் எடை போடுங்கள். கூடுதலாக இருக்கும் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய ஒரு மில்லி. இந்தப் பக்கங்களைக் கையில் கொடுத்தால் டாக்டருக்குப் பாதி வேலை மிச்சம்.

இருமும்போது, தும்மும்போது, தண்ணீர்க் குடம் தூக்கும்போது கொஞ்சம் வந்தால் இடுப்படித் தசை தளர்ந்திருக்கிறது. அவசரமாக எழுந்து கழிப்பறையை எட்டுவதற்குள் கொட்டிவிட்டால், சிறுநீர்ப்பை அடக்கத்துக்குக் கட்டுப்படாமல் சுருங்குகிறது. பக்கவாதம், பார்க்கின்சன், கிருமித்தொற்று இருப்பவர்களிடம் இதைப் பார்க்கலாம்.

இரவு பகலாகச் சொட்டுச் சொட்டாக நனைந்துகொண்டே இருந்தால் கவனம் தேவை. பை காலியாகாமல் நிரம்பி வழிகிறதோ என்று சந்தேகப்பட வேண்டும். புராஸ்டேட் சுரப்பி வீங்கிய ஆண்கள், பல வருஷச் சர்க்கரையில் நரம்பு பாதித்தவர்கள், மலம் இறுகிக் கிடப்பவர்கள் இப்படி ஆகிறார்கள். வீட்டார் கண்ணுக்கு "அடிக்கடி போறார்". உண்மையில் அவர் முழுசாகப் போவதே இல்லை. மல்லாக்கப் படுக்கவைத்து தொப்புளுக்குக் கீழே கையை வைத்து மெதுவாகத் தடவுங்கள். உருண்டையாகக் கெட்டியாகத் தட்டுப்பட்டால், லேசாக அழுத்தும்போது முகம் சுளித்தால் அல்லது இன்னும் சொட்டினால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். போய் முடித்தபின் எடுக்கும் ஸ்கேனில் 300 மில்லிக்கு மேல் மிச்சம் நின்றால் அது தேக்கம். விட்டுவைத்தால் கிட்னி கெடும். இவருக்கு டயப்பர் கட்டி உட்காரவைப்பது ஆபத்தான காரியம்.

அடுத்து மாத்திரை டப்பாவைத் திறந்து பாருங்கள். நீர் பிரியத் தரும் லேசிக்ஸ் போட்ட பிறகு ஆறு மணி நேரம் போல மூத்திரம் தள்ளும். சாயங்காலம் போட்டால் ராத்திரித் தூக்கம் போச்சு. ரத்த அழுத்தத்துக்குத் தரும் அம்லோடிபின் சிலருக்குக் கால்களை வீங்கவைக்கும், அந்த நீர் படுத்ததும் மேலேறி இரவில் மூத்திரமாக இறங்கும். சளிக்குப் போடும் குளோர்பெனிரமின், நரம்பு வலிக்குத் தரும் அமிட்ரிப்டிலின் இரண்டும் பையைச் சுருங்கவிடாமல் தேக்கும். எதையும் நீங்களாக நிறுத்தாதீர்கள்; நேரத்தை மாற்றலாமா, வேறு மாத்திரை உண்டா என்று கேளுங்கள். நேற்றுவரை தெளிவாக இருந்தவர் திடீரென்று உளறி, படுக்கையையும் நனைத்தால் மூத்திரத் தொற்றையும் சர்க்கரை அளவையும் உடனே பார்க்கச் சொல்லுங்கள்.

தண்ணீரைக் குறைப்பதுதான் வீடுகளில் நடக்கும் பெரிய தப்பு. குறைத்தால் மூத்திரம் கெட்டியாகிப் பையை உறுத்தும், மலம் இறுகும், இறுகிய மலம் பையை அழுத்தும், கசிவு கூடும். இதயமோ கிட்னியோ பழுதாகி டாக்டர் அளவு சொல்லியிருந்தால் தவிர, நாளைக்கு ஒன்றரை லிட்டராவது உள்ளே போகட்டும். சென்னை வெயிலில் இன்னும் கொஞ்சம். படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்னால் நிறுத்திக்கொள்ளலாம். டீயைக் குறைக்கலாம்.

சிலருக்குப் பையில் கோளாறே இல்லை, கழிப்பறைதான் தூரம். ஒண்டுக்குடித்தன வீட்டில் நாலு போர்ஷனுக்கும் பொதுவான கழிப்பறை கடைசியில் இருக்கும். மூட்டு வலிக்காரரால் எழுந்து, நடந்து, வரிசையில் நின்று, குத்துக்கால் போட்டு உட்கார முடியாது. கட்டிலுக்குப் பக்கத்தில் கமோட் நாற்காலி, ஆண்களுக்கு மூடிபோட்ட யூரின் பாட்டில், ராத்திரிக்கு ஒரு சின்ன விளக்கு. நாற்காலியில் உட்காரும்போது பாதம் தரையில் முழுசாகப் படியவேண்டும். விழித்திருக்கும் நேரத்தில் இரண்டு மணிக்கு ஒருமுறை நீங்களே "போலாமா?" என்று கேட்டு உட்காரவையுங்கள். நோட்டில் வழக்கமாக நனையும் நேரம் தெரியும். அதற்குக் கால் மணி முன்னால் கூப்பிடுங்கள்.

மீன் கூடையும் குடமும் தூக்கும் பெண்கள் வெளியே சொல்லவே மாட்டார்கள். பழைய புடவைத் துணியை மடித்து வைத்துக்கொண்டு வருஷக்கணக்காக ஓட்டுவார்கள். அவர்களில் பலருக்கு இடுப்படித் தசைப் பயிற்சியே பலன் தரும். காற்று வெளியேறாமல் அடக்குவதுபோல உள்ளே இறுக்கி, ஐந்து விநாடி பிடித்து, அதே அளவு தளர்த்த வேண்டும். ஒரு தடவைக்குப் பத்து, நாளைக்கு மூன்று தடவை, குறைந்தது மூன்று மாதம். வயிற்றையும் தொடையையும் இறுக்கினால் பயனில்லை, மூச்சையும் பிடிக்கக் கூடாது. குடத்தைத் தூக்கும் முன், தும்மும் முன் ஒரு இறுக்கு இறுக்கிக்கொள்வது தனிப் பழக்கமாக வரவேண்டும்.

மூத்திரம் இறங்க டியூப் வைப்பது கடைசி வழி. தேக்கத்துக்கும், ஆறாத படுக்கைப் புண்ணுக்கும் தேவைப்படலாம். பார்த்துக்கொள்பவரின் வசதிக்காக மட்டும் வைக்கக் கூடாது. வைத்துவிட்டால், மூத்திரம் சேரும் பிளாஸ்டிக் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே, ஆனால் தரையில் படாமல். டியூப்பைத் தொடையில் பிளாஸ்டர் போட்டு நிறுத்துங்கள், இல்லாவிட்டால் புரளும்போது இழுபடும். தினமும் சாதாரண சோப்பும் தண்ணீரும் போட்டுக் கழுவினால் போதும். ஆண்களுக்கு முன்தோலைப் பின்னுக்குத் தள்ளிக் கழுவியதும் மறக்காமல் பழைய இடத்துக்கு இழுத்துவிட வேண்டும். மறந்தால் வீங்கி இறுகிக்கொள்ளும். டியூப்பைச் சுற்றிக் கசிந்தால் பெரிய சைஸ் கேட்காதீர்கள்: மடங்கியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா, மலச்சிக்கலா என்று பாருங்கள். ஒரு மாதம் டியூப் இருந்தால் அநேகமாக எல்லாருடைய மூத்திரத்திலும் கிருமி இருக்கும். காய்ச்சல், குளிர், வலி, குழப்பம் எதுவும் இல்லாமல் வெறும் நாற்றத்துக்காக ஆன்டிபயாடிக் தேவையில்லை.

டியூப்புக்குப் பதிலாக ஆண்களுக்கு ஆணுறைபோல வெளியே மாட்டும் உறை வகையை நுனியில் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் இடம் விட்டுப் போட்டு, தினமும் மாற்றுங்கள். சாதாரண பிளாஸ்டரை வட்டமாகச் சுற்றவே கூடாது. ரத்த ஓட்டம் நின்று உறுப்பு அழுகிவிடும்.

டயப்பர்தான் வழி என்றாகிவிட்டால், நிறையாவிட்டாலும் நாலைந்து மணிக்கு ஒருமுறை, மலம் பட்டால் அந்த நிமிஷமே மாற்றவேண்டும். டெட்டால் தண்ணீர் வேண்டாம், பவுடர் வேண்டாம். அது மடிப்பில் கட்டிகட்டியாகித் தோலை அறுக்கும். பெண்களுக்கு முன்னிருந்து பின்னாகத் துடைத்து, ஒற்றி உலர்த்தி, துத்தநாகக் களிம்போ வாஸ்லினோ மெல்லிசாகத் தடவுங்கள். அப்பிவிட்டால் டயப்பர் உறிஞ்சாது. மடிப்பு முழுக்கப் பரவலாகச் சிவந்து பளபளத்தால் ஈரத்தால் வந்தது. சிவப்பைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக இருந்தால் பூஞ்சை. வால் எலும்பின் மேல் ஒரே இடத்தில் சிவந்து, விரலால் அழுத்தி எடுத்தும் வெளுக்காவிட்டால் படுக்கைப் புண் தொடங்கிவிட்டது. அங்கே களிம்பைவிட இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்பிப்போடுவதுதான் மருந்து.

கால் மரத்து பலவீனமாகி, இரண்டு தொடைக்கும் நடுவே உணர்வில்லாமல் போய், கூடவே மூத்திரம் அடக்க முடியாமல் போனால் முதுகுத்தண்டு சமாச்சாரம். காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள். மூத்திரத்தில் ரத்தம், குளிர் காய்ச்சல், வயிறு உப்பி ஒரு சொட்டும் வராதது இவையும் அன்றைக்கே பார்க்கவேண்டியவை. மற்றதற்கு ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் சிறுநீரியல் (யூராலஜி) பிரிவு இருக்கிறது. வீட்டைவிட்டு நகர முடியாதவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபியும் வலிதணிப்புப் பராமரிப்பும் தருகிறார்கள். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுக்கும்போது "படுத்த படுக்கை, மூத்திரம் அடக்க முடியவில்லை" என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்; நோட்டையும் காட்டுங்கள்.