பிக்-பிக்கில் தொடங்கும் நடை: மொரிசியஸ் பறவை நாட்குறிப்பு

செப்டம்பர் 5, வெள்ளி. கியூர்பிப்

நாளை கியூர்பிப் தாவரத் தோட்டத்தில் குடும்பங்களுக்குப் பறவை காட்டும் நடை, வழிகாட்டுவது நாங்கள். அதே பாதையை, நாளை நடக்கப்போகும் அதே நேரத்தில், இன்று ஒரு தடவை நடந்து பார்த்தாயிற்று. இதைச் செய்யாமல் குழந்தைகளைக் கூட்டிப் போகவே கூடாது. போன வாரம் தேன் குடிக்கப் பறவைகள் மொய்த்த மரம் இந்த வாரம் பூ உதிர்ந்து வெறுமையாக நிற்கும். தோட்டக் கதவு எத்தனை மணிக்குத் திறக்கும், கழிப்பறைச் சாவி யாரிடம், 12 பேர் மற்றவர்களுக்கு வழிவிட்டு நிற்க எங்கே இடம், அங்கே நின்றால் வெயில் முகத்தில் அடிக்குமா முதுகிலா என்பதெல்லாம் போய் நின்று பார்த்தால்தான் தெரியும்.

குளவிக்கூட்டையும் தேட வேண்டும். முஷ் ஜோன் என்கிற மஞ்சள் குளவி இலைக்கு அடியில் கூடு தொங்கவிடும். பெரியவர்கள் தலைக்கு மேலே தேடுவார்கள். கூடு பலமுறை இடுப்பு உயரத்தில், அதாவது குழந்தையின் முகத்துக்கு நேரே இருக்கும். அதனால் பாதையோரப் புதர்களைக் குனிந்து பார்த்தோம். ஒன்று கிடைத்தது. அந்தத் திருப்பத்தைப் பாதையிலிருந்து எடுத்துவிட்டோம்.

பாதை நீளம் 1 கிலோமீட்டருக்குள். நேரம் 90 நிமிடம். நிற்கும் இடம் மூன்று. இதற்கு மேல் நீட்டினால் ஐந்து வயதுக்காரர்கள் தோளுக்கு ஏறிவிடுவார்கள். தூக்கிய அப்பாவுக்குப் பைனாகுலர் பிடிக்கக் கை இருக்காது.

படத்தாளில் ஆறே பறவைகள், இங்கே வழங்கும் பெயரில்: பிக்-பிக், கொண்டே, மார்த்தேன், கார்தினால், செரேன் து காப், வரிகள் போட்ட குட்டிப் புறா. முப்பது படம் போட்ட தாளைக் கொடுத்தால் பிள்ளைகள் தாளைத்தான் பார்க்கிறார்கள், மரத்தைப் பார்ப்பதில்லை. எழுதப் பென்சில், இந்த ஊர் மழையில் பேனா மை கரைந்துவிடும்.

செப்டம்பர் 6, சனி. கியூர்பிப்

முதல் 20 நிமிடம் பைனாகுலருக்கே போனது. போகட்டும். இதை அவசரப்படுத்தினால் மீதி 70 நிமிடமும் "எங்கே, எங்கே, தெரியலையே" என்ற குரல்தான் கேட்கும்.

வரிசை மாறக்கூடாது. முதலில் நடுக்கீலை மடக்கி இரண்டு வட்டமும் ஒரே வட்டமாகத் தெரியும்வரை சரிசெய்ய வேண்டும். பெரியவர்களுக்கான பைனாகுலர் பல 56 மில்லிமீட்டருக்குக் கீழே மடங்காது. சின்னப் பிள்ளையின் இரு கண்ணுக்கும் இடைவெளி அதைவிடக் குறைவு. அதனால் ஓரத்தில் கருப்புப் பிறை மட்டும் தெரியும். பிள்ளையும் தன்மேல்தான் தப்பு என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிடும். குறுக மடங்கும் சிறிய ரகத்தைப் பிள்ளைகளுக்கென்று தனியாக வைக்க வேண்டும். 6 அல்லது 8 மடங்கு பெரிதாக்கினால் போதும். 10 மடங்கு என்றால் கை நடுக்கமும் பத்து மடங்காகும்.

அடுத்து கண்குழி, அதாவது பைனாகுலரில் கண்ணை ஒட்டி வைக்கும் விளிம்பு. மூக்குக்கண்ணாடி போட்டவர் உள்ளே தள்ள வேண்டும், போடாதவர் வெளியே இழுக்க வேண்டும். பிறகு வலக்கண்ணை மூடி, இடக்கண்ணால் ஏதாவது பெயர்ப்பலகை எழுத்தை நடுச்சக்கரத்தால் கூர்மையாக்க வேண்டும். அதன்பின் இடக்கண்ணை மூடி, வலது குழாயில் இருக்கும் வளையத்தைத் திருக வேண்டும். அப்போது நடுச்சக்கரத்தைத் தொடக்கூடாது. இந்தக் கடைசி வேலையை யாரும் செய்வதில்லை. பிறகு அரைமணியில் தலைவலி என்பார்கள்.

குறிபார்க்கும் பழக்கம்: பறவையைக் கண்ணால் பிடி, கண்ணை எடுக்காதே, பைனாகுலரைக் கண்ணுக்குக் கொண்டு வா. குனிந்து பைனாகுலரைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் பறவை தொலைந்தது. முதலில் அடிமரத்தில், பிறகு ஒரு காயில், கடைசியில்தான் பறவையில் பழக வேண்டும். ஆறு வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்குக் காகிதச் சுருளின் நடுக்குழாய் இரண்டை ஒட்டிக் கொடுத்தோம். பெரிதாக்கிக் காட்டாது, ஆனால் பார்வையை ஓரிடத்தில் நிறுத்தும்.

பறவை என்று பார்த்தால் இன்று பிக்-பிக்தான். வெள்ளைக்கண்ணிக் குடும்பம், சாம்பல் நிறம், கட்டைவிரல் பருமன். நாலைந்தாகச் சேர்ந்து வந்து, ஒரு கிளையைத் தலைகீழாகத் தொங்கித் துருவிவிட்டு, ஒன்றன்பின் ஒன்றாக அடுத்த மரத்துக்குப் போகும். போகும்போது இடுப்பில் ஒரு வெள்ளைப் பொட்டு மின்னும். பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய அடையாளம் அந்தப் பொட்டுத்தான். நிறத்தைச் சொன்னால் சிட்டுக்குருவியோடு குழப்பிக்கொள்வார்கள்.

தாளில் இருக்கும் ஆறில் இந்த மண்ணுக்கே உரியது இது ஒன்றுதான். கொண்டேயும் மார்த்தேனும் ஆசியாவிலிருந்து வந்தவை. நம் ஊர்ப் பேச்சில் கொண்டைக்குருவியும் மைனாவும். கொண்டே என்ற கிரெயோல் பெயரைக் கேட்டதும் தமிழ்ப் பாட்டிமார் தலையில் கைவைத்துக் கொண்டை காட்டுகிறார்கள். பிள்ளைக்கு அதற்குமேல் பாடம் வேண்டாம். கார்தினால் மடகாஸ்கரிலிருந்து, செரேன் து காப் என்ற தூக்கணாங்குருவி வகை ஆப்பிரிக்காவிலிருந்து, குட்டிப் புறா தென்கிழக்கு ஆசியாவிலிருந்து. வந்த பறவை கெட்டது என்று பிள்ளைகளிடம் சொல்ல எங்களுக்கு மனமில்லை. எது எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால் போதும். காட்டுக்குப் போகும்போது மீதி தானாக விளங்கும்.

முடிவில் வேலிக்குள் நிற்கும் அந்த ஒற்றைப் பனைக்குடும்ப மரத்தைக் காட்டினோம். ஹையோஃபோர்பே அமரிகாலிஸ். உலகத்தில் அந்த இனத்தில் மிஞ்சியது அது ஒன்றே. ஆண்பூவும் பெண்பூவும் வெவ்வேறு நேரத்தில் பக்குவமாவதால் தனக்குத்தானே காய்ப்பது அதற்கு அரிது. அங்கே ஐந்து நிமிடம் யாரும் பேசவில்லை.

செப்டம்பர் 20, சனி. ஆற்றோர மூங்கில்

இன்று நடையே இல்லை. செரேன் து காப் கூடு கட்டும் ஒரு மூங்கில் புதருக்கு 15 மீட்டர் தள்ளிப் பாய் விரித்து 50 நிமிடம் உட்கார்ந்தோம். குழந்தைகளோடு வருகிறவர்களுக்கு இதைவிட நல்ல நிகழ்ச்சி எங்களுக்குத் தெரியாது.

ஆண் பறவை தென்னை ஓலையின் ஓரத்தைக் கடித்துக்கொண்டு அப்படியே பறக்கும். பறக்கிற வேகத்தில் நார் கிழிந்து வரும். அதைக் கிளைநுனியில் முடிந்து, முதலில் ஒரு வளையம் கட்டும். பிறகு அந்த வளையத்தில் உட்கார்ந்தபடியே ஒரு பக்கம் முட்டையிடும் அறையையும் மறுபக்கம் வாசலையும் பின்னும். வாசல் கீழ்நோக்கி இருக்கும். ஊரில் தூக்கணாங்குருவிக் கூட்டைப் பார்த்த பெரியவர்கள் நீண்ட குழாயைத் தேடினார்கள். இதில் அது இல்லை, அல்லது மிகக் குட்டை.

கூடு முடிந்ததும் ஆண் வாசலில் தலைகீழாகத் தொங்கிச் சிறகடித்து மஞ்சளைக் காட்டும். பெண் உள்ளே போய் நாரை இழுத்துப் பார்க்கும். பிடித்தால் தங்கும். பிடிக்காமல் கூடு காய்ந்து பழுப்பாகிப் போனால், கட்டிய ஆணே அதைப் பிய்த்துப் போட்டுவிட்டு மறுபடி கட்டும். பிள்ளைகளுக்குக் கொடுத்த வேலை: வளையம், பாதிக் கூடு, பச்சைக் கூடு, பழுப்புக் கூடு என்று நாலு கட்டத்தில் கோடு போட்டு எண்ணுவது. பாதி எண்ணும்போதே சண்டை வந்தது, இது பச்சையா பழுப்பா என்று. அவ்வளவு கூர்ந்து பார்க்கிறார்கள் என்று அர்த்தம்.

கீழே விழுந்த கூட்டைக் கையில் எடுத்துப் பார்க்கலாம்; பையில் கட்டி உள்ளே பூச்சி இருக்கிறதா என்று பார்த்த பிறகு. தொங்கும் கூட்டை ஆட்டக்கூடாது.

அக்டோபர் 3, வெள்ளி

கொசு மருந்து பற்றி ஒரு குறிப்பு. டீட் என்ற ரசாயனம் கலந்த மருந்து சில வகை ரப்பரையும் பிளாஸ்டிக்கையும் கரைக்கும். பூசிய கையோடு பைனாகுலரைப் பிடித்தால் பிடி பிசுபிசுத்துப் போகும். வீட்டிலேயே பூசி, உள்ளங்கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வரச் சொல்ல வேண்டும். குளிரூட்டிய காரிலிருந்து நேரே எடுத்தாலும் கண்ணாடியில் பனி படியும். வண்டியின் பின்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தால் அந்தத் தொல்லை இல்லை.

அக்டோபர் 11, சனி. தெர் ரூஜ் கழிமுகம்

போர்ட் லூயிக்குப் பக்கத்திலேயே இருக்கும் சரணாலயம். 2001-இல் ஈரநிலங்களுக்கான உலக ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. வடக்கே குளிர் தொடங்கியதும் கரைப்பறவைகள் இங்கே வந்து இறங்குகின்றன. ஏப்ரல் வாக்கில் திரும்பும்.

இங்கே கடிகாரத்தைவிடக் கடல்நீரின் ஏற்றவற்றம் முக்கியம். வற்றத்தில் பறவைகள் சேற்றுப் பரப்பெங்கும் தொலைவில் சிதறி மேயும். நீர் ஏற ஏற மெல்ல நம் பக்கம் ஒதுங்கும். நம் தீவில் ஏற்றம் அரை மீட்டர் அளவுதான். தட்டையான சேற்றில் அந்த அரை மீட்டரே எல்லாவற்றையும் மாற்றுகிறது. காலை ஏற்றமாக அமையும் நாளைத் தேர்ந்தால் வெயிலும் முதுகுப் பக்கம் இருக்கும். ஒன்பது மணிக்குமேல் சேறு சூடேறி, டெலஸ்கோப்பில் எல்லாம் தண்ணீரில் ஆடுவதுபோல் தெரியும். அதற்குள் முடித்துவிட வேண்டும்.

டெலஸ்கோப்பைக் குழந்தையின் கண் உயரத்துக்கு வைத்து, பெரியவர்கள் குனியட்டும். ஸ்டூல் போட்டு ஏற்றினால் குழந்தை விழாமல் இருக்கக் குழாயைப் பிடிக்கும். பறவை போய் வானம் தெரியும். "கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வா" என்ற ஒரு சொல்லில் வரிசை வேகமாக நகர்ந்தது. உருப்பெருக்கம் 20-லேயே இருக்கட்டும்.

எல்லாம் பழுப்பு, எல்லாம் சின்னது என்பதால் நிறத்தை விட்டுவிட்டு நடத்தையைச் சொல்லிக் கொடுத்தோம். இடைவிடாமல் வாலை ஆட்டுவது சாதா உள்ளான். கூழாங்கல்லைப் புரட்டுவது கல்திருப்பி. ஓடி, நின்று, ஒரு கொத்துக் கொத்தி, மறுபடி ஓடுவது உப்புக்கொத்தி. வளைந்த நீள அலகை நண்டு வளைக்குள் விடுவது சின்னக் கோட்டான் (ஆந்தை அல்ல, கரைப்பறவை). வளைமூக்கு உள்ளான் சைபீரிய வடகோடியில் குஞ்சு பொரித்துவிட்டு வருகிறது. அதே இனம் கோடியக்கரைக்கும் போகிறது என்றதும் ஒரு தாத்தா டெலஸ்கோப்பை விட்டு நகரவில்லை. அவருக்காக வரிசையைப் பத்து நிமிடம் நிறுத்தினோம்.

அக்டோபர் 25, சனி. ப்ரா தோ

2011-இல் தேசியப் பூங்காவான இடம். பார்க்கப் போனது கோக் தெ புவா, அரசவால் ஈபிடிப்பான் குடும்பம். நீண்ட வெள்ளை வாலை எதிர்பார்க்க வேண்டாம். இங்குள்ளதற்கு வால் குட்டை. முதுகு செம்பழுப்பு. ஆணுக்குத் தலை நீலக்கருப்பாக மினுங்கும், பெண்ணுக்குச் சாம்பல்.

நிழலில் அசையாமல் நின்றால் அது தானாகவே பக்கத்தில் வரும். கைப்பேசியில் அதன் குரலைப் போட்டுக் கூப்பிடுவதை எங்கள் நடையில் அனுமதிப்பதில்லை. இது கூடு கட்டும் பருவம். எதிரி வந்துவிட்டான் என்று நினைத்து முட்டையை விட்டு வெளியே வந்து விரட்டும், அந்த நேரத்தில் முட்டை குளிரும், குரங்குக்கும் எலிக்கும் வழி கிடைக்கும். அலகில் பூச்சியை வைத்துக்கொண்டு, விழுங்காமல், கூட்டுக்கும் போகாமல் ஒரே கிளையில் கத்திக்கொண்டிருந்தால் நாம் கூட்டுக்குப் பக்கத்தில் நிற்கிறோம் என்று பொருள். இன்று அப்படித்தான் ஆனது. வந்த வழியே பத்தடி, இன்னும் பத்தடி என்று பின்வாங்கினோம்; இருபத்தைந்தடியில் அது உள்ளே போனது. முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர் என்று இரண்டு வழிகாட்டிகள் இருந்ததால்தான் சத்தமில்லாமல் திரும்ப முடிந்தது.

நவம்பர் 8, சனி. பெத்ரின்

சூரியன் ஐந்தரைக்கு முன்பே உதித்துவிடுகிறது. பிளாக் ரிவர் பள்ளத்தாக்குத் தேசியப் பூங்காவின் இந்த வாசலில் ஆறு மணிக்குக் கூடினோம். மேட்டுநிலம் என்பதால் எல்லோரிடமும் மழைச்சட்டை. புயல் எச்சரிக்கையோ கனமழை அறிவிப்போ வந்தால் முந்தின இரவே நடையை ரத்து செய்வது வழக்கம். காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதில்லை.

கிளி பறந்தது. எல்லோரும் "எக்கோ கிளி" என்றார்கள், இந்தத் தீவுக்கே உரிய கிளி அது. பொறுங்கள் என்றோம். ஊர்ப் பச்சைக்கிளியும் இந்தத் தீவில் பரவியிருக்கிறது. அதற்கு வால் நீளம், ஆண் பெண் இரண்டுக்கும் சிவப்பு அலகு. எக்கோ கிளி கொஞ்சம் கரும்பச்சை, இறக்கை அகலம், வால் குட்டை. பெண்ணின் அலகு கருப்பு. கார்தினாலிலும் இதே கவனம் வேண்டும்: உடம்பு முழுக்கச் சிவந்தது மடகாஸ்கரிலிருந்து வந்த கார்தினால், தலையும் கழுத்தும் மட்டும் சிவந்து மீதி பழுப்பாக இருந்தால்தான் இந்த மண்ணின் கார்தினால்.

இளஞ்சிவப்புப் புறா ஒன்று கிளையில் வெகுநேரம் இருந்தது. 1990-ஐ ஒட்டிக் காட்டில் 10 அளவில்தான் மிஞ்சியிருந்தன. இன்று நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. ஒரு குழந்தை ரொட்டியைப் பிய்த்து நீட்டியது. அம்மாவிடம் மெதுவாக விளக்கினோம்: புறாக்கள் ஒரே இடத்தில் கூடித் தின்றால் தொண்டையில் கட்டி கட்டும் டிரைகோமோனியாசிஸ் என்ற நோய் மற்றப் புறாக்களிடமிருந்து ஒட்டும், குஞ்சுகள் இரை விழுங்க முடியாமல் சாகும். அவரே ரொட்டியை வாங்கிப் பையில் வைத்து, குனிந்து கீழே சிந்திய துணுக்குகளையும் பொறுக்கினார்.

பூங்காவுக்குள் நுழையும் முன்னும் வெளியே வந்த பின்னும் செருப்பு, காலணி எல்லாம் தூரிகையால் துடைக்க வேண்டும். காட்டைத் தின்றுகொண்டிருக்கும் சீனக் கொய்யா இப்படிப் போகிற வருகிற காலோடும் பரவும். தூரிகை இரண்டு, தகரத் தட்டு ஒன்று. அடிப்பள்ளங்களைக் குச்சியால் கிளறி, தட்டில் விழுந்த மண்ணைக் காகிதத்தில் பொட்டலம் கட்டி வண்டியில் எடுத்து வந்தோம். பிரித்துப் பார்த்தபோது அதில் கொய்யா விதை ஏழு இருந்தது.